வேற்றுக்கிரகவாசிகள் வந்தால் சாமிகளின் கதி?

அறிவுள்ள வேற்றுக்கிரகவாசிகள் இருப்பது உறுதியானால் மதங்கள் ஆட்டம் காணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காணாது என்பதே என் எண்ணம். சைவமும் பௌத்தமும் எண்ணற்ற உலகங்களை எப்போதோ ஏற்றுக்கொண்டவை. குர்ஆனும் (42:29) வானங்களிலும் பூமியிலும் பரப்பப்பட்ட உயிரினங்களைப் பற்றிப் பேசுகிறது. சிக்கல் கிறிஸ்தவத்துக்குத்தான்: சிலுவையின் மீட்பு பூமிக்கு மட்டுமா, வேற்றுக்கிரகவாசிகளுக்குமா? ஆனாலும் 2008இல் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஹோசே கப்ரியேல் ஃபூனெஸ், அவர்கள் இருப்பதாக நம்புவது விசுவாசத்துக்கு முரணல்ல என்றார். அவர்களுக்கு மீட்பே தேவைப்படாமலும் இருக்கலாமாம்!

நம் இலங்கை மலையகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சிவனொளிபாதமலை உச்சியிலுள்ள ஒரே பாதச்சுவட்டைச் சிவனுடையது, புத்தருடையது, ஆதமுடையது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டே ஒரே படிக்கட்டில் ஏறுகிறோம். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தையே ரோதை முனி என்ற தெய்வமாக்கிக் கும்பிட்டவர்கள் நாம். பறக்கும் தட்டு தேயிலை மலையில் இறங்கினால், முதல் பூசை யாருடையது என்பதில்தான் கோவில் கமிட்டிக்குள் சண்டை வரும்.