குடல் சுவரில் பழைய கழிவு ஒட்டிக்கிடக்குமா?

கேள்வி: எனக்கு 43 வயது. இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. வலியோ சிரமமோ இல்லை. குடல் சுவரில் ஆண்டுக்கணக்காகக் கழிவு ஒட்டிக்கிடந்து உடம்பில் விஷம் ஏறும் என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் டீடாக்ஸ் பவுடர் வாங்கச் சொல்கிறார். அதைக் குடித்தவர்களுக்கு ரப்பர் மாதிரி நீளமாகக் கறுப்பாக வெளியே வந்த படத்தையும் காட்டினார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்படி எதுவும் குடலில் ஒட்டிக்கிடப்பதில்லை. எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் அவசர அறுவை சிகிச்சையில் குடலைத் திறந்தால்கூட உள்ளே மலம் இருக்கும், சுவரில் பழைய படிவம் இருக்காது. ஏனென்றால் குடலின் உள்பக்கம் வழவழப்பான சளிப்படலம் மூடியிருக்கிறது. அதன் அடியில் உள்ள செல்களும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக வளர்ந்துவிடுகின்றன. பிறகு எதில் போய் ஆண்டுக்கணக்காக ஒட்டும்?

சாப்பிட்டது இரைப்பையில் சில மணி நேரம் கூழாகி, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலுக்குப் போகிறது. பித்தமும் கணையநீரும் அங்கேதான் கலக்கின்றன, சத்தும் பெரும்பாலும் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. பெருங்குடலுக்கு முக்கிய வேலை, மிச்சத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்வது. குடித்தது, எச்சில், செரிமான நீர்கள் எல்லாம் சேர்த்து நாளுக்கு 8, 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். மலம் அங்கே கூடுதல் நேரம் தங்கினால் கொஞ்சம் காயும், அவ்வளவுதான். விஷமாக மாறி ரத்தத்தில் ஏறாது. குடலிலிருந்து உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதைச் சரிபார்ப்பது கல்லீரலின் அன்றாட வேலை.

அப்படியானால் அந்த ரப்பர்? அது பவுடரேதான். இப்படி விற்பவற்றில் பலவற்றில் இசப்கோல் உமியும் ஒருவகைக் களிமண்ணும் இருக்கும். தண்ணீரில் ஊறி உப்பி, குடலின் வடிவத்திலேயே வெளியே வரும். பவுடர் குடிக்காத யாருக்கும் அது வருவதில்லை. பித்தப்பைக் கல்லைக் கரைப்பதாகச் சொல்லி எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடிக்கச் சொல்வதும் இதே வித்தைதான். மறுநாள் வரும் பச்சை உருண்டைகள் கல் அல்ல, குடலுக்குள் உண்டான சோப்புக் கட்டிகள். இதைக் காட்டிக் காசு வாங்குகிறவர்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

சில பவுடர்களில் நிலாவாரை போன்ற பேதி மருந்தும் கலந்திருக்கும். தொடர்ந்து பேதியானால் உடம்பில் பொட்டாசியம் குறையும், இதயத்துடிப்பே தடுமாறலாம். உணவுத் துணைப்பொருள் என்று லேபிள் ஒட்டிவிட்டால், மருந்துக்குக் கேட்கிற ஆதாரத்தைப் பல நாடுகளில் யாரும் கேட்பதில்லை. ஒருவருக்குப் பாதிப்பு வந்த பிறகுதான் அதிகாரிகள் எழுந்து பார்க்கிறார்கள். எங்கள் தரப்பிலும் தவறு உண்டு. மருத்துவர் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்புகிறார், விற்பவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார். மக்கள் யாரை நம்புவார்கள்?

ஒரு விதிவிலக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிப் பரிசோதனைக்கு முன்னால் மருத்துவமனையில் குடலைக் காலி செய்யும் மருந்து கொடுப்பார்கள். அதையும் டீடாக்ஸ் என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள். அது உள்ளே கேமரா தெளிவாகப் பார்ப்பதற்காக, அந்தப் பரிசோதனைக்கு மட்டும் கொடுப்பது. சொன்ன அளவை முழுவதும் குடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் சிறிய கட்டி கண்ணில் படாமல் போகலாம். சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ இருந்தால் மருந்து எழுதும்போதே சொல்லிவிடுங்கள், வேறு வகை மருந்து தருவார்கள். அந்த மருந்தின் பெயரைச் சொல்லி உங்கள் பவுடரை நியாயப்படுத்த யாராவது வந்தால் நம்ப வேண்டாம்.

சரி, உங்கள் விஷயம். ஒரு நாளில் மூன்று தடவை முதல் வாரத்தில் மூன்று தடவை வரை மலம் போவது இயல்புதான், நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் காலை உணவு முடிந்ததும் கழிவறைக்குப் போய்ப் பாருங்கள். இரைப்பை நிறையும்போது பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்து.

மலத்தில் ரத்தம், தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாத எடைக்குறைவு, திடீரென்று மாறிய வழக்கம் இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் சில வலி மாத்திரைகளும் மலச்சிக்கலைக் கொண்டுவரும். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.