ஸ்போர்ட்ஸ் ரைட்டர்ஸ் மேட்ச் முடிஞ்ச உடனே எப்படி எழுதுறாங்க, என்ன படிப்பாங்க?

முடிஞ்சப்புறம் எழுத உக்கார்றதில்லங்க, ஆட்டம் ஓடும்போதே பாதி அடிச்சிருப்பாங்க. நைட் ஃபுட்பால் மேட்ச்னா ஃபைனல் விசில் அடிச்சதும் எழுதுன ரிப்போர்ட் பேப்பருக்குப் போயாகணும், 88வது நிமிஷத்துல ஒரு கோல் விழுந்தா மேல இருக்குற பாராவெல்லாம் தூக்கிட்டு புதுசா எழுதணும், அதனாலதான் பல பேரு ஜெயிச்சா ஒண்ணு தோத்தா ஒண்ணுனு ரெண்டு ஆரம்பம் ரெடியா வெச்சிருப்பாங்க. ஸ்கோர் எல்லார் போன்லயும் இருக்கு, நோட்ல குறிக்கிறது வேற: பெனால்டிக்கு முன்னாடி கீப்பர் எந்தப் பக்கம் சாஞ்சு நின்னாரு, அவுட்டான பேட்ஸ்மேன் பிட்ச்ச திரும்பிப் பார்த்தாரா, இந்த மாதிரி.

படிக்கிறது? வெறும் ஸ்போர்ட்ஸ் பேஜ் மட்டும் படிச்சா எழுத்து வறண்டுடும். இங்கிலாந்து எழுத்தாளர் நெவில் கார்டஸ் மான்செஸ்டர் கார்டியன் பேப்பர்ல கிரிக்கெட்டும் எழுதுனாரு, இசை விமர்சனமும் எழுதுனாரு. சிறுகதை, வாழ்க்கை வரலாறு, ஏன் நல்ல க்ரைம் ரிப்போர்ட்டிங் கூட கைகொடுக்கும்.