முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள்

கேள்வி: என் தம்பிக்குப் பல வருடங்களாக மனச்சிதைவு நோய். மாத்திரை எடுத்துக்கொண்டு அமைதியாகத்தான் இருக்கிறான். ஆனால் பகல் முழுவதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இதே நிலையில் உள்ள சில குடும்பங்கள் சேர்ந்து, இவர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புகிற மாதிரி ஒரு மையம் நடத்த டிரஸ்ட் பதிவு செய்திருக்கிறோம். வாடகை, ஒரு பணியாளர் சம்பளம், மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்கு நிதி திரட்ட வேண்டும். ஒருவர் சிஎஸ்ஆர் நிதியில் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) 40 லட்சம் வாங்கித் தருவதாகவும், முன்பணம் இரண்டு லட்சம் வேண்டும் என்றும் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனும் பணம் அனுப்பத் தயார். அது சட்டப்படி சரியா? என்ன செய்யலாம்? – வாசகி, திண்டுக்கல்.

பதில்: முதல் வேலையாக, அந்த இரண்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் டிரஸ்ட் புதிது. வெளி அமைப்பு ஒன்றின் மூலம் ஒரு நிறுவனம் சிஎஸ்ஆர் பணத்தைச் செலவிட வேண்டுமானால், அந்த அமைப்பு அதே மாதிரியான பணியைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, அவர் எவ்வளவு பெரிய ஆளைத் தெரிந்தவராக இருந்தாலும் அந்த 40 லட்சம் இப்போது உங்களுக்கு வராது.

இந்தப் புரோக்கர்கள் சிஎஸ்ஆர்-1 என்ற பதிவு எண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டு, "அப்ரூவல் வந்துவிட்டது" என்பார்கள். அது வெறும் பதிவு எண். ரேஷன் கார்டு கையில் இருப்பதால் கடையில் சரக்கு இருக்கிறது என்று ஆகிவிடாது, இல்லையா? 2025 தொடக்கத்தில் கேரளத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். பாதி விலையில் ஸ்கூட்டர், மீதியை சிஎஸ்ஆர் நிதி கொடுத்துவிடும் என்று சொல்லி ஏராளமான பெண்களிடம் பணம் வாங்கி ஏமாற்றினார்கள். அங்கே போனது சேமிப்பு மட்டும். இன்னொரு வகை ஆள் இதைவிட ஆபத்தானவர். "கம்பெனி உங்கள் கணக்கில் 50 லட்சம் போடும், 45 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மீதி உங்களுக்கு" என்பார். காபி கொடுத்து அனுப்பும் மரியாதைகூட அவருக்கு வேண்டாம். ஒருமுறை சம்மதித்தாலும் டிரஸ்ட்டின் பதிவு போகும், அறங்காவலர்கள் வழக்கில் சிக்குவார்கள்.

சரி, பணம் எங்கிருந்து வரும்? ஊரிலிருந்துதான். உங்கள் செலவு மாதச் செலவு, ஆகவே வரவும் மாதா மாதம் வர வேண்டும். 60 பேர் மாதம் 500 ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டால் 30,000 ஆயிற்று. ஒரு விழா வைத்து மொத்தமாகத் திரட்டுவதைவிட இதுதான் நிற்கும். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் இருப்பார். மையம் எதற்கு, யாருக்கு என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ரோட்டரி, அரிமா சங்கத்தார் உங்கள் உணர்ச்சியைவிட அந்தக் கடிதத்தைத்தான் பார்ப்பார்கள். வாடகை இல்லாமல் இடம் கிடைக்குமா என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

பணம் டிரஸ்ட் கணக்கில் மட்டுமே விழ வேண்டும். உங்கள் சொந்த ஜிபே எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது முழுவதும் உங்கள் வருமானமாகக் கணக்காகும். டிரஸ்ட்டுக்கும் வருமான வரித்துறையில் தனியாகப் பதிவு வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்ததோடு முடிந்தது என்று நினைக்கும் டிரஸ்ட்டுகளை வாரந்தோறும் பார்க்கிறேன். உண்டியல் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீத வரி. ஒவ்வொருவருக்கும் பெயர், முகவரி, பான் எண்ணோடு ரசீது கொடுங்கள்.

நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் வாங்கினால் நன்கொடை கொட்டும் என்றும் யாராவது சொல்வார்கள். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புதிய வரி முறைக்கு மாறிவிட்ட சம்பளக்காரருக்கு அந்த ரசீதால் ஒரு ரூபாய் சலுகையும் இல்லை. பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது.

அப்புறம் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். 15 லட்சம் செலவழிக்க வசதி இருந்தால் எதற்கு வெளியே கையேந்தப் போகிறோம்? பதிவு கிடைத்தாலும் பணம் முதலில் புதுதில்லியில் உள்ள ஒரு ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும். திண்டுக்கல் பணத்துக்கு தில்லியில் கணக்கு!

ஆனால் உங்கள் சித்தப்பா மகனுக்கு ஒரு வழி உண்டு. அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடையே அல்ல. எஃப்சிஆர்ஏ தேவையில்லை. சிங்கப்பூர் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கியிருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை பாதகமில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருக்கிறதே என்பார். அந்த அட்டை இதற்கு உதவாது; சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தும், தன் சிங்கப்பூர்க் கம்பெனிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அதுவும் வெளிநாட்டுப் பணம்தான். அங்குள்ள நண்பர்களிடம் வசூலித்துச் சேர்த்து அனுப்பினாலும் அப்படியே. மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை. ஆகவே பாஸ்போர்ட் நகலும், இது என் சொந்தப் பணம் என்ற கையெழுத்துக் கடிதமும் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டுப் பிறகு பணத்தை வாங்குங்கள். சொந்தக்காரர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். யாரையும் இரவில் தங்க வைக்காதீர்கள். தங்க வைத்துப் பராமரித்தால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்த பிறகு, இந்த விஷயத்தில் எந்த அதிகாரியும் கண்ணை மூடிக்கொள்ள மாட்டார். அடுத்து, புகைப்படம். நிதி கேட்கும் துண்டறிக்கையில் தம்பியின் முகத்தையோ நோயின் பெயரையோ போட வேண்டாம். பரிதாபப் படம் இருந்தால்தான் பணம் வரும் என்று ஆன்லைன் வசூல் ஆட்கள் வற்புறுத்துவார்கள். நாளைக்கு அவன் ஒரு வேலைக்குப் போகும்போது அந்தப் படம் இன்னும் யாரோ ஒருவரின் போனில் இருக்கும். மையத்தின் இடத்தையும் மாத வரவு செலவுக் கணக்கையும் போடுங்கள்.