பெரியாஸ்பத்திரி பக்கம் குடிபோகலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைச் சுற்றியே இருக்கின்றன. முப்பது வருஷம் அப்படியொரு மருத்துவமனையில் வார்டு வார்டாக ரவுண்ட்ஸ் போய்விட்டு, ஓய்வு பெற்றதும் காரைக்குடிக்கே திரும்பி வந்தவன் நான். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எனக்கு 69, அவுகளுக்கு 74. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். "இவ்வளவு பெரிய வீட்டில் ரெண்டு பேர் எதற்கு? விற்றுவிட்டு வேலூரிலோ சென்னையிலோ நல்ல மருத்துவக் கல்லூரி பக்கமாக ஃபிளாட் வாங்கித் தருகிறேன்" என்கிறான். போகலாமா? (தேவகோட்டை வாசகி)

ஆச்சி, விற்கிற பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் உங்கள் மகனுக்கே அறுபதாங் கல்யாணம் வந்துவிடும்.

உங்கள் மகன் பயப்படுவது நடுராத்திரி நெஞ்சுவலியையும் பக்கவாதத்தையும் நினைத்து. பயம் நியாயமானது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மாரடைப்பில் இன்னும் அவசரம். ஆனால் இதற்கெல்லாம் வேலூர் தேவையில்லை. ஸ்கேனும் ஊசியும் ராத்திரியில் டாக்டரும் உள்ள இடம் போதும். சிவகங்கையில் 2012-லும் புதுக்கோட்டையில் 2017-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. காரைக்குடியிலிருந்து இரண்டுமே சுமார் ஒரு மணி நேர ஓட்டம். சென்னையில் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சாயங்கால நெரிசலில் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆவதை நானே அனுபவித்திருக்கிறேன்.

உண்மையில் நம் ஊரில் நேரம் வீணாவது ரோட்டில் இல்லை, வீட்டுக்குள்ளே. போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி ரெண்டாங்கட்டில், அதாவது வீட்டின் உள்பகுதியில், வழுக்கி விழுந்துவிட்டார். 108 சீக்கிரமே வந்துவிட்டது. வந்து நின்றது பின்தெருவில், அடுப்படிக் கதவுப் பக்கம். நம் செட்டிநாட்டு வீடுகள்தான் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை ஆயிற்றே! வேலைக்காரப் பெண் முகப்பில் நின்று வண்டி வரவில்லையே என்று தவிக்கிறாள். அந்தப் பக்கம் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கால் மணி நேரம் போயிற்று. அப்புறம் முகப்புக் கதவின் சாவியைத் தேட வேண்டியிருந்தது. அது ஆச்சியின் இடுப்பிலேயே இருந்தது.

ஆகவே ஃபிளாட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். படுக்கையை முன்கட்டுக்கு மாற்றி, அதை ஒட்டிக் கழிவறை கட்டுங்கள். நிலைப்படிகள் உயரமாக இருந்தால் இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பி வையுங்கள். 108-க்கு எந்தத் தெரு, எந்த வாசல் என்று சொல்ல வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டுங்கள். ஒரு சாவி எதிர்வீட்டில் இருக்கட்டும்.

பக்கத்தில் குடியிருப்பது நிஜமாகவே உதவும் நோய்களும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் போக வேண்டும். தினமும் தேவகோட்டையிலிருந்து போய்வர உடம்பு தாங்காது. அப்போது அந்த ஊரில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்துவிட்டு வாருங்கள். டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆயுள் முழுக்க. அதற்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல டயாலிசிஸ் மையம். ஆராய்ச்சி மருத்துவமனை அல்ல. அபூர்வ நோய் என்றால் கட்டாயம் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மாதிரி இடம்தான். அங்கே 1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடத்தில்தான் 1971-ல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அந்த அறிவுக்கு ஈடில்லை. ஆனால் அங்கே நீங்கள் வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ போகப் போகிறீர்கள். அதற்காகக் குடிபெயர வேண்டுமா?

இன்னொன்று. பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் கேள்வியே "அட்டெண்டர் யார்?" என்பதுதான். மருந்து வாங்க, ரத்தப் பரிசோதனைச் சீட்டு கொண்டுபோக, ராத்திரி பக்கத்தில் படுக்க ஆள் வேண்டும். தேவகோட்டையில் அதற்குப் பத்துப் பேர் வருவார்கள். புது ஊரில், நான்காவது மாடியில், உங்களுக்கு யாரைத் தெரியும்? மகன் விடவே இல்லை என்றால், மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சித்திரை வெயிலில் போங்கள், ஊர் புரிந்துவிடும்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மாணவர்கள் நம்மை வைத்துப் பழகுவார்களாமே? என் மாமியாரைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டார்கள். (கோட்டையூர் வாசகி)

கேட்பார்கள். மாணவர் கேட்பார், பயிற்சி டாக்டரான ஹவுஸ் சர்ஜன் கேட்பார், மேல்படிப்பு படிக்கும் பி.ஜி. கேட்பார், உதவிப் பேராசிரியர் கேட்பார், கடைசியில் சீஃப் வந்து முதலிலிருந்து கேட்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் முடிவெடுப்பது மாணவர் இல்லை. அவருக்கு மேலே இத்தனை படி இருக்கிறது. தனியார் மருத்துவமனை பலவற்றில் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் இத்தனை டாக்டர்களைப் பார்க்க முடியாது.

ஒரு முறை மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி, பரீட்சைக்காக ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள். மாத்திரைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். இரண்டு டாக்டர்கள், இரண்டு கம்பெனிப் பெயர்கள், உள்ளே இருப்பது ஒரே சர்க்கரை மாத்திரை. பாட்டிக்கு அடிக்கடி வந்த மயக்கத்துக்கு அதுதான் காரணம். எங்கள் யாருக்கும் அந்தப் பையைக் கவிழ்க்க நேரமிருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான்.

மாணவர்கள் தொட்டுப் பார்ப்பது மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்ல உரிமை உண்டு. சிகிச்சை நிற்காது. நாலு தடவை சொல்வதைத் தவிர்க்க, என்ன நோய், எப்போதிலிருந்து, என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதித் தலைமாட்டில் வையுங்கள்.

சிதம்பரத்தில் இருக்கிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பல்கலைக்கழகத்துடையதா, அரசாங்கத்துடையதா? (கானாடுகாத்தான் வாசகர்)

உங்கள் ஊர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1985-ல் வந்த கல்லூரி அது. 2021-ல் சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது.

அப்பச்சிக்குச் சிகிச்சை நடக்கும் இடத்தில், ஒரு புது மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாட்டேன் என்றால் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயம். (பள்ளத்தூர் வாசகர்)

விடக் கூடாது, விடவும் முடியாது. மாட்டேன் என்றாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும் என்பது விதி. ஒப்புதல் படிவத்தை அப்பச்சிக்குப் புரிகிற தமிழில் தர வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையெழுத்தானதும் ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். புது மருந்து கிடைக்குமா, குலுக்கல் முறையில் பழைய மருந்தோ மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோ கிடைக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்காமல் விடுவது இதைத்தான். "ஆராய்ச்சி" என்றதும் புதுசு நிச்சயம் என்று நினைத்துவிடுகிறார்கள். கூடுதல் பரிசோதனைச் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். மருந்தால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர 2019-ம் ஆண்டு மருந்து ஆராய்ச்சி விதிகளில் இடமிருக்கிறது. ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டின் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயங்கித் தயங்கித் தருகிற இடத்தில் நான் சேர மாட்டேன்.

சேர்வது தப்பில்லை. நாம் இன்று விழுங்கும் ரத்த அழுத்த மாத்திரையும் யாரோ ஒருவர் சேர்ந்ததால் வந்ததுதான்.

புதுக்கோட்டையில் மருத்துவக் கல்லூரிப் பக்கம் வீடு இருக்கிறது. வெளியூர் நோயாளிகளுக்கு அறை அறையாக விடலாமா? கிருமி காற்றில் வருமா? (திருமயம் வாசகர்)

ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதாலேயே காற்றில் எதுவும் வந்துவிடாது. மருத்துவக் கழிவைத் தனித்தனி நிறப் பைகளில் பிரித்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது சட்டம். உங்களுக்கு வரும் தொல்லை சைரனும், வாசலை மறித்து நிற்கும் வண்டிகளும்தான்.

தாராளமாக விடுங்கள். வேலூரில் அறையோடு சின்ன அடுப்படியும் இருக்கும் விடுதிகளில்தான் வங்காளத்துக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்ச இடம் வேண்டும், அவ்வளவுதான். கீழ்த்தளம், மேற்கத்தியக் கழிப்பறை, சுடுதண்ணீர். மாதக்கணக்கில் இருப்பவர்களோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். நம் நகரத்தார் காசியிலும் ராமேஸ்வரத்திலும் பழனியிலும் விடுதி கட்டினார்கள். மருத்துவக் கல்லூரி வாசலிலும் ஒன்று கட்டலாமே என்று எனக்கு வெகுநாளாக ஒரு நப்பாசை.

என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க ஆசை. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. எழுதி வைத்தால் போதுமா? (வயது 81, கண்டனூர்)

போதாது அய்யா. உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கிப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் போன் செய்து ஒப்படைப்பவர்கள் பிள்ளைகள்தான். அவர்கள் மறுத்தால் கல்லூரி வற்புறுத்தாது. அதனால் அவர்களையே சாட்சிக் கையெழுத்துப் போட வையுங்கள். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் பொதுவாக ஏற்க மாட்டார்கள். டாக்டர் தரும் இறப்புச் சான்று கூடவே வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கேதச் சடங்குதான் தயக்கம் என்றால், வீட்டில் செய்ய வேண்டியதை முடித்துவிட்டுக் கொண்டுபோகலாம். தாமதிக்காமல் இருந்தால் சரி. கண்ணைத் தனியாகத் தரலாம், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.