உடம்புக்குப் புகை பழகிவிடுமா?

கேள்வி: ஏற்காடு பக்கம் மலைக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 56 வயது. காஸ் இருந்தும் விறகடுப்பில்தான் சமைக்கிறார். ஒரு மாதமாகக் காலையில் இருமல். "மனுசன் தோணின நாள்ல இருந்து புகையிலதான் சமைக்கிறான், உடம்புக்குப் பழகிப்போச்சு" என்கிறார். உண்மையா?

பதில்: அம்மா சொல்வதில் பாதி உண்மை. நெருப்பு நம் இனத்தைவிட மூத்தது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுக்கு முந்தைய சாம்பல் கிடைத்திருக்கிறது. நவீன மனிதரின் மிகப் பழைய எலும்புகளோ, மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டுதான். நாம் பிறந்ததே புகைக்குள். புகை நஞ்சைத் தாங்க உதவும் மரபணு மாற்றம் நம்மிடம் உண்டு, அழிந்துபோன நம் உறவு மனித இனமான நியாண்டர்தால்களிடம் இல்லை என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆண்டு இன்னொரு குழு அதை மறுத்தது.

சரி, அந்த மாற்றம் நம்மைக் காப்பாற்றியது என்றே வைத்துக்கொள்வோம். எதுவரை? பிள்ளை பெற்று ஆளாக்கும் வயதுவரை. இயற்கைத் தேர்வு அதற்குமேல் அதிகம் கவலைப்படுவதில்லை. அடுப்புப் புகையால் வரும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயோ பெரும்பாலும் 40-ஐத் தாண்டித்தான் தலைகாட்டும்.

அம்மா ஊதாங்குழல் ஊதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஊதி முடித்ததும் அடுத்த ஊதலுக்கு ஆழமாக மூச்சிழுப்பார், முகம் அடுப்புக்கு ஒரு முழத்தில். கிளம்பும் புகை அந்த ஒரே இழுப்பில் உள்ளே போகும். மலை மூடுபனியில் சில்வர் ஓக் கிளை எளிதில் காயாது. ஈர விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அதன் துகள்கள் பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, தலைமுடிக் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு அவற்றைத் தடுக்காது.

முதலில் அவரைச் சேலத்துக்கு அழைத்து வந்து ஸ்பைரோமெட்ரி எடுங்கள். குழாயில் பலமாக ஊதும் சோதனை, வலிக்காது. இருமல் இரண்டு வாரம் தாண்டிவிட்டதால் சளிப் பரிசோதனையும் அவசியம். காசநோய் இல்லையென்று தெரிய வேண்டும்.

அப்புறம் அடுப்பு. களி விறகில்தான் பதமாக வரும் என்பார், அதில் சண்டை வேண்டாம். சோறு, குழம்பு, டீ காஸுக்குப் போகட்டும். வெந்நீர் அடுப்பை வாசலுக்கு மாற்றுங்கள். விறகைச் சிறிதாகப் பிளந்து, மழை படாமல் மாதக்கணக்கில் உலர்த்துங்கள். புகைபோக்கி கூரைக்கு மேலே நீண்டிருக்கட்டும். பேரப்பிள்ளைகளை அடுப்பருகே குளிர்காய விடாதீர்கள். குழந்தைகளுக்கு இந்தப் புகையால் நிமோனியா வரும் ஆபத்து அதிகம்.

மேடு ஏறும்போது இளைப்போ, மூச்சில் விசில் சத்தமோ இருந்தால் இந்த வாரமே கூட்டி வாருங்கள்.