பட்டை போர்த்திய மர வில்: வாசகர் கேள்வி, பதில்

பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் பட்டையை ஒட்டினால் வில்லுக்கு வலு கூடும் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார் விற்பவர். கொடுக்கலாமா?

வலுவுக்காக என்றால் கொடுக்காதீர்கள். பட்டையின் வேலை ஈரத்தைத் தடுப்பது. கொரியாவின் கொம்பு வில்லில் எருமைக் கொம்பு, மூங்கில், விலங்கு நரம்பு எல்லாம் மீன் பசையால் ஒட்டப்படுகின்றன. ஈரம் பட்டால் அந்தப் பசை இளகிவிடும். அதனால்தான் மேலே பிர்ச் பட்டையைப் போர்த்துகிறார்கள். ஒழுங்காக ஒட்டிய அசல் பட்டைக்கு, அந்தக் காரணத்துக்காகக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயம்.

அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டான் பையன். வில் முறிந்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லின் மேலேயே விழுந்திருக்கிறது. வில் வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

யூ மர வில் என்று ஆன்லைனில் வாங்கினேன். சில வாரத்திலேயே உடைந்தது. பட்டையை உரித்தால் உள்ளே மரத்தின் முடிச்சை (கிளை முளைத்த இடம்) குறுக்கே சீவித் தள்ளியிருக்கிறார்கள். ‘நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை’ என்கிறார் விற்றவர். (கோவை வாசகர்)

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. நான் வாங்கிய ஒரு வில்லில் ஒட்டியிருந்தது பட்டையே அல்ல, பட்டை மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் தாள். பணம் திரும்பி வரவேயில்லை.

வில்லை வளைக்கும்போது வெளிப்புறமான முதுகு இழுபடும், நம்மைப் பார்த்த வயிற்றுப்பக்கம் அமுங்கும். முதுகில் மர இழை நுனிக்கு நுனி அறுபடாமல் ஓட வேண்டும். ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் வெளிறை (பட்டைக்கு அடுத்த வெளிர்ந்த மரம்) சீவி எடுத்து, வைரத்தில் (உள்ளே இருக்கும் கருத்த மரம்) ஒரே வளர்ச்சி வளையத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். யூ மரத்தில் வெளிறுதான் முதுகு, வைரம் வயிறு. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த வில்களும் அப்படிச் செய்தவையே. முடிச்சு வந்தால் அதைச் சுற்றி மரத்தைக் கூடுதலாக விட்டு இழைப்பதுதான் முறை. குறுக்கே சீவிவிட்டுப் பட்டையால் மூடினால் வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்குவது? பட்டை ஒட்டுவதற்கு முன் எடுத்த முதுகின் படத்தைக் கேளுங்கள். நேர்மையாகச் செய்கிறவர் காட்டுவார். தயங்கினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: உடைந்த துண்டுகளையும் உரித்த பட்டையையும் எறிந்துவிடாதீர்கள், முடிச்சு தெரிகிற மாதிரி படம் எடுங்கள். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. விடாதீர்கள்.

சுவரில் நாணோடு மாட்டி வைக்கலாமா?

கூடாது. மரம் அந்த வளைவிலேயே நின்றுவிடும்.

வில்லை நானே செய்கிறேன். பிர்ச் பட்டையை எப்போது உரிப்பது? (கனடா வாசகர்)

சாறு ஏறும் கோடைத் தொடக்கத்தில் லேசாக உரியும். மேல்பட்டையை மட்டும் எடுங்கள். உள்பட்டையைச் சுற்றிலும் வெட்டினால் மரம் செத்துப்போகும். விழுந்து கிடக்கும் மரத்தில் எடுப்பது இன்னும் நல்லது, மரம் மக்கினாலும் பட்டை கெடாது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வில்லை இழைத்து முடித்து, நன்றாக எய்து பார்த்து, முதுகில் கீறல் விடவில்லை என்று உறுதியான பிறகே ஒட்டுங்கள்.