கொரிந்து கலம்: தூபத்துக்கா, சாறு சூடாக்கவா?

கிரேக்கத்தின் கொரிந்து நகரத்துக் கலம் தூபக்கலமா என்று கேட்டிருந்தீர்கள். தூபக்கலம் அல்ல, உணவைச் சூடாக வைக்கும் பாத்திரம் என்றே சொல்வேன். மேலே கிண்ணம், அதோடு ஒன்றாக வனைந்த உள்ளீடற்ற பீடம், பீடத்தில் தணல் வைக்க ஒரு வாய். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பைசாந்தியர்கள் (கிழக்கு ரோமப் பேரரசின் மக்கள்) புழங்கிய வகை இது.

பீடத்துக் காற்றுத் துளைகளைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தூபம் என்று தோன்றியிருக்கும்.

கிண்ணத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே ஈய மெருகு (ஈயம் சேர்த்த கண்ணாடி போன்ற பூச்சு) சுத்தமாக மின்ன, கரி பீடத்தின் உள்ளே மட்டும் அப்பியிருந்தால், நெருப்பு கீழே, உணவு மேலே. கரி இல்லையென்றாலும் ஒதுக்கிவிடாதீர்கள், கழுவியதில் போயிருக்கலாம்.

எதைச் சூடாக்கினார்கள் என்பதில்தான் உறுதி இல்லை. கரோஸ் என்னும் மீன் சாறு என்பது வலுவான ஊகம். 968இல் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூதராகப் போய் விருந்துண்ட இத்தாலிய ஆயர் லியுட்பிராண்ட் மீன் சாற்றைப் பழித்து எழுதினார். ஆனால் அது இந்தக் கலத்துக்குச் சான்றாகாது.